பதினேழு வயசுப் பையனை ஏன் ஜெயிலில் போடுவதில்லை?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "பட்டாக்கத்தி எடுத்து ஆளை வெட்டத் தெரிந்த 17 வயதுக்காரன், தண்டனை என்று வரும்போது மட்டும் குழந்தையாகிவிடுகிறானா? கூர்நோக்கு இல்லத்தில் நாலு மாதம் சோறு தின்றுவிட்டு வெளியே வந்து அடுத்த ஆளை வெட்டுகிறான். இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன லாபம்?"

கோபம் நியாயமானதுதான். நான் இளைஞர் நீதிக் குழுமத்தில், அதாவது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கிற இடத்தில், பதினைந்து வருஷமாக ஆஜராகிற வக்கீல். விசாரணை முடிகிற வரை அவர்களை வைத்திருக்கிற இடம்தான் கூர்நோக்கு இல்லம். பெரும்பாலும் பையன்கள் தரப்பில், எப்போதாவது அடிபட்டவர்கள் தரப்பிலும். அதனால் இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்குப் பழக்கம். கட்சிக்காரனுக்காகத்தான் பேசுகிறான் இவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டு நினையுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். பதினெட்டுக்குக் கீழே என்றால் என்ன செய்தாலும் விட்டுவிடுவார்கள் என்பது இப்போதைய சட்டத்தில் இல்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. மூன்று வருஷம் வரை தண்டனை உள்ளது சிறு குற்றம், அதற்கு மேல் போவது கடும் குற்றம், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கொடுங்குற்றம். கொலை இந்தக் கடைசி வகையில் வரும். 16 முடிந்த ஒருவன் கொடுங்குற்றத்தில் பிடிபட்டால், இதைச் செய்ய அவனுக்கு உடலும் மனமும் இடம்கொடுத்ததா, செய்தால் என்ன ஆகும் என்று அவனுக்குப் புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். செய்துவிட்டு, இவனைப் பெரியவனாக வைத்தே விசாரிக்கலாம் என்று குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடியும். அங்கே தூக்கு கிடையாது, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் கிடையாது, மற்றபடி நீண்ட தண்டனை கிடைக்கும். 21 வயது வரை 'பாதுகாப்பு இடம்' என்று ஒரு தனி இடத்தில் வைத்திருந்து, அதற்குள் ஆள் மாறியிருக்கிறானா என்று பார்த்து, மாறவில்லை என்றால் மிச்சத்தைக் கழிக்கப் பெரியவர்கள் சிறைக்கு மாற்றலாம். ஆக, நீங்கள் கேட்கிற சட்டம் 2016 ஜனவரி 15 முதல் அமலில்தான் இருக்கிறது.

அது வந்த கதையும் தெரிந்ததுதான். 2012 டிசம்பர் 16, டெல்லி பேருந்துச் சம்பவத்தில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிறையச் சில மாதங்கள் பாக்கி. அன்றைய சட்டத்தில் உச்சமே மூன்று வருஷம், அதை முடித்துவிட்டு 2015 டிசம்பர் 20ஆம் தேதி வெளியே வந்தான். 22ஆம் தேதி மாநிலங்களவை புது மசோதாவை நிறைவேற்றிவிட்டது. நடுவில் கழிந்தது இரண்டு நாள். அந்தச் சம்பவத்தை ஒட்டியே அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு வயதைக் குறைக்க வேண்டாம் என்றுதான் 2013ல் சொல்லியிருந்தது, உச்ச நீதிமன்றமும் அதே வருஷம் வயது வரம்பைத் தொட மறுத்திருந்தது. தெருவில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற கூட்டத்தின் குரல்தான் கடைசியில் நாடாளுமன்றத்துக்குக் கேட்டது. அந்தக் கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு கொடூரம் அது. ஆனால் ஒரே ஒரு பையனை மனதில் வைத்து எழுதின சட்டம் மற்ற எல்லாப் பையன்களுக்கும் பொருந்துமா என்று அந்தக் கொதிப்பில் யாரும் நிதானமாக யோசித்திருக்க முடியாது.

மற்ற எல்லாப் பையன்கள் என்றால் எத்தனை பேர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருஷக் கணக்குப்படி சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. முந்தைய வருஷம் 31,170. நாடு முழுக்க 2022ல் பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய இருநூறு வழக்கில் ஒன்று. ஜனத்தொகையிலோ பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டிவியில் ராத்திரி ஒன்பது மணி விவாதம் பார்த்தால் இந்தக் கணக்கு நம்ப முடியாததாகத்தான் இருக்கும். பிடிபட்ட 37,780 பேரில் 29,690 பேர் 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் அந்த வயதைப் பற்றியதுதான்.

குழுமத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் (வெளியாட்களை விடமாட்டார்கள், அதனால் நான் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்) கொலைகாரர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். உயரமான மேடை, கூண்டு எதுவும் கிடையாது. ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். போலீஸ்காரர் சாதா சட்டையில் வர வேண்டும். வருவார், ஆனால் பெல்ட்டும் ஷூவும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு திங்கட்கிழமை. செல்போன் பறித்த கேஸ், பையனுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம். அவனுடைய அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறவர், அன்றைக்கு இரண்டு வீட்டுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டுக்குச் சொல்லாமலே வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை, அதில் ரேஷன் கார்டு, ஆதார், அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் வைத்த டி.சி. "இது இருந்தா போதும்னு சொன்னாங்க சார், இன்னிக்கே விட்டுடுவாங்களா?" என்று நான்கு முறை கேட்டார். பையன் தன் கால் கட்டைவிரலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"ஸ்கூலுக்குப் போறியாப்பா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

"டென்த்ல மேக்ஸ் போச்சு."

"திரும்ப எழுதலையா?"

"எழுதலாம்னுதான் மேடம் இருந்தேன். அப்பா தவறிட்டாரு."

போன் என்ன ஆனது என்றால், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கைமாறியது, அதில் பையனுக்கு வந்தது முந்நூறு. பைக் யாருடையது என்றால் 'ஒரு அண்ணன்' கொடுத்தது. போனை வாங்கிக்கொண்டது யார் என்றால் அதே அண்ணன். எந்த அண்ணன் என்று கேட்டால் மறுபடி கால் கட்டைவிரல். போலீஸ் தந்த அறிக்கையில் இரண்டு பையன்களின் பெயர் இருந்தது. அண்ணன் இல்லை.

இத்தனை வருஷத்தில் இந்த அண்ணனை நான் நூறு கேஸிலாவது சந்தித்திருப்பேன், நேரில் ஒரு தடவைகூட இல்லை. பொட்டலம் கொண்டுபோகச் சொல்கிறவர், கத்தியைக் கொடுத்து வைத்திருக்கச் சொல்கிறவர், "உனக்கென்னடா, ஜுவனைல், மூணு மாசத்துல வந்துடுவ" என்று தைரியம் சொல்கிறவர், எல்லாம் இவர்தான். சட்டம் இந்த ஆளை மறந்துவிடவில்லை. சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு 83ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தினால் 78ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. இந்தப் பிரிவுகளில் போட்ட வழக்கை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். சிறார் சட்டத்தின் சலுகையைப் பெரிய குற்றவாளிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று சொல்வீர்கள் அல்லவா, அது முழுக்க உண்மை. அதற்கு மருந்து பையனுடைய வயதைக் குறைப்பது என்றால் அண்ணன் 17ஐ விட்டுவிட்டு 15ஐத் தேடிப் போவார், அவ்வளவுதான்.

சரி, பையன் ஏன் போகிறான்? வறுமை என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அதே தெருவில், அதே வறுமையில், பத்து வீடு தள்ளி இருக்கும் பையன் டிப்ளமா படிக்கிறான். வளர்ப்பு சரியில்லை என்பவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை உண்டு, ஏனென்றால் வளர்க்க வேண்டிய நேரத்தில் அந்த அம்மா உங்கள் வீட்டிலோ என் வீட்டிலோதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டெர்ரி மோஃபிட் என்கிற உளவியலாளர் 1993ல் ஒரு கட்டுரை எழுதினார். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கிற ஆய்வு அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் சொன்னது இது: சட்டத்தை மீறுகிற பையன்களில் இரண்டு வகை. ஒரு சின்னக் கூட்டம் ஐந்து வயதிலேயே கடிக்கும் அடிக்கும், பள்ளியிலும் அப்படி, முப்பது வயதிலும் அப்படி. மீதிப் பெருங்கூட்டம் பதின்வயதில் ஆரம்பித்து, இருபதுகளில் வேலை, கல்யாணம் என்று வந்ததும் தானாக நின்றுவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் பதினேழு வயதில் இரண்டு பேரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஒரே பைக், ஒரே முடிவெட்டு, ஒரே திமிர். அந்த வயதில் எடுத்த முடிவை வைத்து ஒருவனுடைய மிச்ச ஆயுளைக் கணிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வயதில் தனியாக ஒருவன் திருடுவதும் அபூர்வம், கூட்டமாகத்தான் செய்வார்கள். 'கெத்து' என்கிற அந்த ஒரு வார்த்தைக்காக நடந்த வெட்டுக் குத்துகளைத் தனியாக எண்ணலாம். முறைத்தான், ஸ்டேட்டஸில் போட்டான், என் ஏரியாவில் வந்து ஹாரன் அடித்தான். முன்னால் இது தெருமுனையோடு முடியும். இப்போது ரீல்ஸில் கத்தியோடு நின்றால் லைக் வருகிறது, பதில் சொல்லாவிட்டால் மானம் போகிறது, பதில் சொன்னால் கேஸ் வருகிறது. இதன்மேல் வலி மாத்திரைகளைப் போதைக்குப் போடும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. முந்தின ராத்திரி என்ன செய்தோம் என்றே சரியாகத் தெரியாத பையன்களைக் குழுமத்தில் பார்க்கிறேன், நடிப்பு என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு.

எல்லாமே வறுமைக் குற்றம் இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தங்களுடைய பள்ளியிலேயே படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். தங்களைப் பற்றி அவன் பள்ளியில் புகார் சொன்னதுதான் கோபம். அந்த அரிவாளை அவர்கள் கையில் கொடுத்த அண்ணன் யார்? இங்கே ஆள் தேடிப் பிரயோஜனம் இல்லை. அப்பாவும் மாமாவும் சாயங்காலம் டீக்கடையில் பேசுகிற பேச்சு, கையில் கட்டுகிற கலர் கயிறு, தெருவில் நிற்கிற பேனர், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த அண்ணன். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அதற்கு வந்த எதிர்ப்பைக் கவனித்தீர்களா? எதிர்த்தவர்கள் எல்லாம் வாக்குரிமை உள்ள பெரியவர்கள்.

இனி பிடிபட்ட பிறகு நடப்பது. விதியில் எழுதியிருப்பதைப் படித்தால் வேறு ஏதோ நாட்டுச் சட்டம்போலத் தோன்றும். பையனை லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும், கொடுங்குற்றம் அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் தவிர மற்றதில் முதல் தகவல் அறிக்கையே போடக்கூடாது, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் மட்டும் எழுதி, அவன் குடும்பம், படிப்பு, சூழ்நிலை பற்றி ஒரு பின்னணி அறிக்கையோடு அனுப்ப வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் விதி. விட்டால் கெட்ட கூட்டாளிகளிடம் போய்ச் சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெடும் என்கிற மூன்று காரணம் தவிர வேறு எதற்காகவும் மறுக்கக்கூடாது.

நடப்பதைச் சொல்லவா? 24 மணி நேரம் என்பது எப்போதிலிருந்து என்பதை ஸ்டேஷன்தான் முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கினவனை ஞாயிற்றுக்கிழமை மாலை 'பிடித்ததாக' எழுதின கேஸ் என்னிடம் இருந்திருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்பது பையன் உட்காரும் விதத்திலேயே தெரியும். அதைவிட மோசம் வயதைக் கூட்டி எழுதுவது. பதினேழை பத்தொன்பது என்று எழுதிவிட்டால் குழுமம், விதி, பின்னணி அறிக்கை எதுவும் வேண்டாம், நேராகப் பெரியவர்கள் சிறை. அதனால்தான் அந்த அம்மா டி.சி.யைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றுதான், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் கடைசியாகத்தான் எலும்புச் சோதனை. பள்ளிக்கூடமே போகாத பையனுக்கு இந்த நாட்டில் வயதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

'கூர்நோக்கு இல்லத்தில் சோறு தின்றுவிட்டு' என்று எழுதியிருந்தீர்கள். 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வேக்குச் சொந்தமான பேட்டரியைத் திருடியதாக தாம்பரத்தில் பிடிபட்ட ஒரு 17 வயதுப் பையனைச் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்தார்கள். ஓரிரு நாளில் அவன் செத்துப்போனான். முதலில் உடம்பு சரியில்லாமல் போனதாகச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்தன, இல்லத்தின் கண்காணிப்பாளர் உள்பட ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஆராய அப்போதும் நீதிபதி சந்துருவைத்தான் போட்டது அரசு. பேட்டரித் திருட்டுக்கு எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை இல்லை.

இத்தனைக்கும் சிறாருக்குத் தனிச் சட்டம் என்பதை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது நாம்தான். 1920ஆம் வருஷத்து மதராஸ் சிறார் சட்டம் அது. வங்கமும் பம்பாயும் நமக்குப் பின்னால்தான் வந்தன.

செங்கல்பட்டுக்கு ஒன்றரை வருஷம் கழித்து, 2024 மே 19, புனே. இன்னொரு பதினேழு வயதுப் பையன், போர்ஷே கார், இரண்டு இளம் பொறியாளர்கள் சாவு. பதினைந்து மணி நேரத்துக்குள் ஜாமீன், விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்று நிபந்தனை. நாடே கொதித்தது. அப்புறம் ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்கள் கைது, பெற்றோர் கைது, பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பி, பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று விடுவித்து, கடைசியில் 2025 ஜூலையில் அவனைப் பெரியவனாக விசாரிக்க முடியாது என்று குழுமம் சொல்லிவிட்டது. என் நண்பர்கள் எல்லோரும் அந்த ஜாமீனைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. கட்டுரை நிபந்தனை அசட்டுத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு ஜாமீன் கொடுத்தது சட்டப்படி சரி. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். அதே சட்டம், அதே வயது, அதே ஜாமீன் பிரிவு தாம்பரத்துப் பையனுக்கும் இருந்தது. பேட்டரி கேஸுக்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக வக்கீலை எழுப்ப அவனுக்கு ஆள் இல்லை.

'கடுமையாக நடந்தால் பயம் வரும்' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இதை அடிக்கடி கேட்கிறேன். அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் 1970களில், வழிதவறுகிற பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, டிவியில் பெரிய பேர் வாங்கியது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பையன்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். பயம் போதும் என்றால் நம் ஊர் லத்திக்கே எல்லோரும் திருந்தியிருக்க வேண்டும். மறுபக்கம், அன்பு காட்டினால் போதும் என்பவர்களுக்கும் ஒரு கதை உண்டு. மசாசூசெட்ஸில் 1939ல் ஐந்நூறு பையன்களை எடுத்து, பாதிப் பேருக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்து வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள், பாதிப் பேரைச் சும்மா விட்டார்கள். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்கிற ஆய்வாளர் தேடிப்பிடித்துப் பார்த்தால், உதவி பெற்றவர்கள்தான் சில விஷயங்களில் மோசமாக இருந்தார்கள், அதிலும் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள். தடுமாறுகிற பையன்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். இல்லத்துக்குள் செல்போன் பறிப்போடு போனவன் வீடு உடைக்கிற வித்தையோடு வருவது எனக்குப் புதுசு இல்லை. நாலு மாதம் கழித்து அடுத்த ஆளை வெட்டுகிறான் என்று கேட்டீர்களே, அந்த நாலு மாதம்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் எது வேலை செய்கிறது? நான் பார்த்த வரையில், பெரிசாக ஒன்றும் இல்லாத விஷயங்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்கிற ஒரு ஆள். சட்டத்தில் அந்த ஆளுக்கு நன்னடத்தை அலுவலர் என்று பெயர். என் கேஸ்களில் திருந்தின பையன்கள் பெரும்பாலும் ஒரே ஒரு அலுவலரின் கையில் இருந்தவர்கள். அவர் ஒன்றும் பெரிய உளவியல் படித்தவர் இல்லை, பையனுடைய தெருவுக்கே போய், டீ வாங்கிக் கொடுத்து, "வேலைக்குப் போனியா, ஏன் போகல, முதலாளி நம்பர் கொடு" என்று உயிரை எடுப்பார். அவருக்கு ஓய்வு வந்தது, அந்த இடம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. இன்னொன்று பள்ளிக்கூடம். திரும்பச் சேர்த்துக்கொள்ளும் தலைமையாசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டால் பாதிக் கேஸ் முடிந்தது. பெரும்பாலும் கிடைக்கமாட்டார், "மத்த பசங்க பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார். அந்தப் பேரன்ட்ஸ் நீங்களும் நானும்தான்.

அடிபட்டவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் அயோக்கியன். செயின் பறிக்கும்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த ஒரு அம்மாவுக்காக ஒரு வருஷம் அலைந்தேன். விசாரணை ரகசியம், பையன் பெயர் வெளியே வரக்கூடாது, எல்லாம் சரி. ஆனால் அந்த அம்மாவுக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நாலு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை நீண்டுகொண்டே போனது. ஒருநாள் என்னிடம், "அவன ஜெயில்ல போட்டா என் இடுப்பு சரியாயிடுமா தம்பி? செயினு போனது போனதுதான். ஏன்டா தள்ளுனன்னு மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்த கேக்கணும்" என்றார். அதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. சிறார் நீதி என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் நழுவிப்போகிற இடம் இது. உங்கள் கோபத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதல்கட்ட மதிப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. குற்றம் நடந்து பல வாரம் கழித்து ஒரு மனநல நிபுணர் பையனோடு அரை மணி, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அன்றைக்கு ராத்திரி அவனுக்கு விளைவு புரிந்திருந்ததா என்று எழுத வேண்டும். எழுதுகிறவருக்கே அதில் நம்பிக்கை இருப்பதில்லை. இது லேசான வேலை இல்லை, கவனமாகச் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2022ல் ஒரு தீர்ப்பில் விலாவாரியாகச் சொன்னது. கொலை செய்தால் பாவம் என்று தெரியுமா என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளையும் தெரியும் என்றுதான் சொல்லும். தெரிந்திருப்பதும் அந்த நிமிஷத்தில் கையை இழுத்துக்கொள்ள முடிவதும் ஒன்றா?

மேலே சொன்னேனே, செல்போன் கேஸ் பையன், அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. கணக்குப் பரீட்சையை மூன்றாவது தடவையில் பாஸ் செய்தான், ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்தான். போன வருஷம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனில் "உன் பேர்ல கேஸ் இருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 24ஆம் பிரிவின்படி அந்தப் பழைய கேஸை வைத்து அவனுக்கு எந்தத் தடையும் வரக்கூடாது, காலக்கெடு முடிந்ததும் ஆவணங்களையே அழித்திருக்க வேண்டும். மனுவை எடுத்துக்கொண்டு நானும் அவனும் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ரைட்டரைக் கூப்பிட்டுப் பழைய ரெஜிஸ்டரை எடுக்கச் சொன்னார். தூசி தட்டிக் கொண்டுவந்து புரட்டினார்கள். அவன் பெயரும் அப்பா பெயரும் அழியாமல், பச்சை மையில் அடிக்கோடு போட்டு இருந்தது. கீழே இன்னொரு பையனின் பெயர். பக்கம் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தேன், அண்ணன் பெயர் அதிலும் இல்லை.